காலுறையோடு ஆடிய சராபாந்து

எங்கள் லூட் வாத்தியத்தில் இருபத்து நான்கு தந்திகள், முதல் இரண்டைத் தவிர எல்லாம் ஜோடி ஜோடியாக. அத்தனையும் ஆட்டுக்குடல். உயிரோடு இருந்தபோது மேய்ப்பனிடம் காட்டிய பிடிவாதத்தை அந்த ஆடுகள் செத்த பிறகு எங்களிடம் காட்டின. மழைக்கு ஒரு சுருதி, கணப்புக்கு ஒரு சுருதி, யாராவது கதவைத் திறந்து மூடினால் அதற்கொரு சுருதி. ஒரு பக்கம் சேர்த்து மறுபக்கம் வருவதற்குள் முதல் பக்கம் முறுக்கிக்கொள்ளும்.

நடன வரிசை, நடன வரிசை என்று பெரிய மனிதர்கள் கண்ணை மூடி ரசிக்கிறார்களே, அது எப்படி உண்டானது என்று என்னைக் கேளுங்கள். லூட்டை ஒரு சுருதிக்குத் தயார் செய்ய முக்கால் மணி நேரம் ஆகும். அவ்வளவு பாடுபட்டுவிட்டு ஒரே ஒரு உருப்படியை வாசித்துவிட்டு எழுந்திருக்க யாருக்கு மனசு வரும்? அதனால் அந்தச் சுருதியில் கையிருப்பு எதுவோ எல்லாவற்றையும் அள்ளி அடுக்கினார்கள். நிதானமாக ஓர் அல்லெமாந்து, அடுத்து ஓட்டமாக ஒரு கூராந்து, அழுவதற்கு ஒரு சராபாந்து, கடைசியில் குதிக்க ஒரு ஜீகு. சோம்பலுக்குப் பிரெஞ்சுப் பெயர் வைத்ததும் அது கலையாகிவிட்டது.

பெயர்தான் நடனம். யாரும் ஆடுவதில்லை. அல்லெமாந்து என்றால் ஜெர்மானியர் ஆட்டம் என்று அர்த்தமாம். நானும் ஜெர்மன்காரிதான். நாற்பத்திரண்டு வயதாகிறது. ஒருத்தர்கூட அதை ஆடி நான் பார்த்ததில்லை. பத்துப் பேர் நாற்காலியில் உட்கார்ந்து, இருமல் வந்தால் கைக்குட்டையால் அடக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய சங்கதி அது. அவ்வளவு சன்னமான சத்தம்.

என் பெயர் ரோசினா. பிரெஸ்லாவ் நகரத்தில் வாத்தியத் தந்தி விற்றவரின் மகள். என் புருஷன் பால்தசார் க்ளோசே, எங்கள் சிலேசியா மாகாணத்தில் லூட் வாசிக்கிறவர்களில் முதல் நான்கு பேரில் ஒருவர். மற்ற மூன்று பேர் யார் என்று அவரையே கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒருவர் செத்துவிட்டார் என்பார்.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இடது காது முழுசாக அவுட். வலது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் காலையில் லூட்டை என் மடியில் வைத்து, "தோள் வலிக்குது, நீ கொஞ்சம் சுருதி சேர்த்துக் குடு" என்றார். சேர்த்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து அந்தத் தோள் குணமாகவே இல்லை. நானும் தைலம் தேய்த்துக்கொண்டே வந்தேன். இரண்டு பேரும் நல்ல நடிகர்கள்.

காது கேட்காதவர் எப்படி வாசித்தார் என்று கேட்பீர்கள். லூட்டுக்கு எழுதுகிற முறை அப்படி. தாளில் ஆறு கோடு, கோட்டின் மேல் எழுத்துகள். முதல் எழுத்து இருந்தால் விரல் வைக்காமல் மீட்டு, இரண்டாம் எழுத்து இருந்தால் லூட்டின் கழுத்தில் முதல் மெட்டில் வை, மூன்றாம் எழுத்து இருந்தால் அடுத்ததில் வை. அவ்வளவுதான். என்ன சத்தம் வரும் என்று தாள் சொல்லாது. விரல் எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்லும். முப்பது வருஷம் பழகிய விரலுக்குக் காதின் தயவு தேவையில்லை. தந்தி மட்டும் சரியாக நிற்க வேண்டும். அது என் வேலை.

இந்த ஏற்பாட்டில் இரண்டு வருஷத்துக்கும் மேலே ஓட்டினோம். அதுவரை வேலை கொடுத்திருந்த எஜமான் எங்களை அனுப்பியது காதுக்காக அல்ல. அவருக்கு இத்தாலிய வயலின் பித்துப் பிடித்தது. அதற்குப் பிறகு ஏழு மாதம் என் தம்பி வீட்டில் கிடந்தோம். தம்பி தங்கமானவன். அவன் பெண்டாட்டி, பால்தசார் சாப்பிடும்போது ரொட்டித் துண்டை எண்ணுகிறவள். வாயால் அல்ல, கண்ணால். குளிர்காலத்துக்கு நீங்கள் வேறு இடம் பார்ப்பீர்கள்தானே என்று செப்டம்பர் கடைசியில் வரும் மிக்கேல்மஸ் பண்டிகையன்று கேட்டுவிட்டாள். எனக்கு அந்த இரவு தூக்கம் இல்லை.

அப்போதுதான் வில்திட்ஸ் பிரபுவின் கடிதம் வந்தது. அரண்மனைக்கு ஒரு லூட் வித்வான் வேண்டும், அக்டோபர் மூன்றாவது ஞாயிறு மதிய உணவுக்குப் பிறகு வந்து ஒரு நடன வரிசை வாசித்துக் காட்டட்டும், அக்கம்பக்கத்துப் பிரபுக்கள் நாற்பது பேர் வருகிறார்கள், எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள் என்று செயலர் லாம்ப்ரெக்ட் எழுதியிருந்தார். கிடைத்தால் வருஷச் சம்பளம், விறகு, இரண்டு அறை. நாற்பது பேர் என்பதுதான் பால்தசாருக்கு உறுத்தியது. நாற்பது பேர் மூச்சு விட்டாலே லூட் கேட்காது என்றார். எனக்கு விறகுதான் கண்ணில் நின்றது.

வண்டியில் போகும்போது லூட்டை என் போர்வைக்குள் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு போனேன். அரண்மனை என்று பெயரே தவிர, பீட்ரூட் வயலுக்கு நடுவில் பெரிய வீடு. பக்கத்து அறையில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் சுருதி சேர்த்தேன். உலர்ந்த பேரிக்காயும் புகையூட்டிய பன்றிக்கறியும் வேகும் வாசனை கதவிடுக்கில் வந்துகொண்டே இருந்தது. எங்களுக்கு மீந்தது வரும் என்று சமையல்காரி சொன்னாள். வரவில்லை.

கூடத்துக்குள் நுழைந்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலிகளை எல்லாம் சுவர் ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நடுவில் மெழுகு தேய்த்த பலகைத் தரை பளபளத்தது. பெண்கள் பாவாடையை இடுப்பருகே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜோடி ஜோடியாக நின்றார்கள். நடன வரிசை என்றால் நடனம் ஆட வேண்டாமா என்று வில்திட்ஸ் பிரபு நினைத்துவிட்டார். நியாயமாக யோசித்தால் அவர் பக்கம்தான் சரி. நூறு வருஷமாக எல்லோரும் தப்பாக நடந்துகொண்டிருக்கிறோம்.

பால்தசார் நாற்காலிகளைப் பார்த்தார், பாவாடைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் என்ன சாராயக்கடை பிடில்காரனா?" என்றார். காது போனதிலிருந்து அவருக்குக் குரலின் அளவு தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டது.

பிரபு கோபப்படவில்லை. அவர் ஐம்பது வயது, சிவந்த முகம், குதிரைச் சந்தையில் பேசுகிற தொண்டை. "ஆளு ரோஷக்காரன். எனக்குப் பிடிச்சிருக்கு" என்று லாம்ப்ரெக்டிடம் சொன்னார். லாம்ப்ரெக்டுக்குப் பிடிக்கவில்லை. அந்த வேலைக்கு அவர் தன் மைத்துனனைக் கொண்டுவரப் பார்த்தார் என்று சமையல்காரி ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருந்தாள். மைத்துனன் ஓபோ ஊதுகிறவனாம். ஊதினால் பக்கத்து ஊர்வரை கேட்குமாம்.

அல்லெமாந்தை ஆரம்பித்தார். நாற்பது பேரும் குதிகால் வைத்த ஷூவோடு தரையில் இறங்கினார்கள். அந்தச் சத்தத்தை என்னவென்று சொல்வது, மாட்டுச் சந்தை கலைகிற மாதிரி இருந்தது. லூட்டிலிருந்து ஒரு துளிச் சத்தம்கூட வெளியே வரவில்லை. ஆட்டம் எப்படி என்று யாருக்கும் தெரியாது. ஒருத்தர் பின்னால் ஒருத்தர் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். என் புருஷன் மட்டும் தலையைக் குனிந்து, ரொம்ப அழகாக, ஒருவருக்கும் கேட்காத ஒரு சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்தது. இந்த ஊரைப் போல ஓர் ஊர் கிடைக்குமா? இங்கே காது இருக்கிறவனும் இல்லாதவனும் ஒன்று. ஐந்து தந்தி அறுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. விறகு அடுக்குவதற்கு எந்தச் சுவர் தோதாக இருக்கும் என்றுகூட யோசிக்க ஆரம்பித்தேன்.

பிரபு பின்னாலிருந்து வந்து, பிரமாதம் என்று இரண்டு தடவை சொன்னார். பால்தசார் திரும்பவில்லை. இங்கே முன்பு இருந்த இத்தாலிய வித்வான்கள் ஒரு பாராட்டுக்கு மூன்று தடவை தரையைத் தொட்டுக் கும்பிடுவார்களாம். இந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையே என்று பிரபு அசந்துபோனார். லாம்ப்ரெக்ட் மட்டும் என் புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அல்லெமாந்து எப்போது முடிந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கை நின்ற பிறகும் அரை நிமிஷம் நடந்துகொண்டிருந்தார்கள். பிரபு கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினார். தன் வீட்டில், தன் ஒயினைக் குடித்துவிட்டு, தன் செலவில் வந்த வித்வானைத் தனக்கே கேட்கவிடாமல் அடிக்கிறீர்களே என்று ஒரு பிடி பிடித்தார். பிறகு எல்லோரும் ஷூவைக் கழற்றுங்கள் என்றார்.

யாரும் அசையவில்லை. பிரபுவின் தங்கை தெக்லா சீமாட்டிதான் முதலில் உட்கார்ந்து இரண்டு ஷூவையும் உதறினாள். காலாணி அவளைக் காலையிலிருந்து படுத்திக்கொண்டிருந்ததாம். அவளைப் பார்த்து மற்றவர்களும் கழற்றினார்கள். அன்று நான் சிலேசியாவின் உயர்குடியை உள்ளபடி பார்த்தேன். மேலே பட்டு, சரிகை, பொடி தூவிய முடி. கீழே கட்டைவிரல் எட்டிப் பார்க்கிற காலுறை. பாரன் பட்டம் உள்ள ஒருவரின் இரண்டு காலில் இரண்டு நிறம். வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். லாம்ப்ரெக்ட் ஜன்னலைத் திறந்தார்.

எல்லோரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை. காலுறைக் கால் மெழுகுத் தரையில் சத்தமே போடாது. இனி எல்லாம் கேட்கும். ஜன்னலைத் திறந்ததால் காற்று வேறு வந்தது, அதற்கு என் இருபத்து நான்கு ஆடுகளும் என்ன பதில் சொல்லுமோ. பால்தசார் எனக்கு எதிர்ச் சுவர் ஓரமாக, என்னைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் எப்போதும் அப்படித்தான் உட்காருவோம்.

கூராந்து ஆரம்பித்தது. கேட்டது. கணீரென்று இல்லை, ஆனால் ஒவ்வொரு விரலும் தெரிந்தது. நாற்பது பேரும் வழுக்கிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. பால்தசார் தாளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடுகிறவர்கள் தயங்கினால் அவரும் ஒரு நூல் தாமதித்தார், அவர்கள் தாவினால் அவரும் தாவினார். மூன்று வருஷமாக அவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஆட்களுக்கு முன்னால் வாசித்துவந்தவர். அவர்கள் கேட்கிறார்களா தூங்குகிறார்களா என்று அவருக்கு எப்படித் தெரியும்? இப்போது எண்பது கால்கள் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் காய்ச்சலுக்குப் பிறகு பார்த்ததில்லை.

சராபாந்து பாதியில் இருக்கும்போது எட்டாவது ஜோடித் தந்தி சுருதி இறங்கியது. எனக்கு அது பல்லில் மணல் கடிபட்ட மாதிரி இருந்தது. தெக்லா சீமாட்டி ஒரு கணம் காலை நிறுத்தினாள், அவளுக்குக் காது இருக்கிறது. அதே தந்தி அடுத்த வரியில் மூன்று தடவை வரும், நான்தானே அந்தத் தாளைப் படியெடுத்தவள். பாவாடையைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தேன். அடுத்த வரி வந்தது. அந்த மூன்று இடத்திலும் பால்தசார் அந்தத் தந்தியைத் தொடவே இல்லை. தாண்டிப் போய்விட்டார். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

சராபாந்துக்கும் ஜீகுக்கும் இடையில் லாம்ப்ரெக்ட் ஒரு ஈயத் தட்டோடு என் புருஷனின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். தட்டைக் கைநழுவ விட்டார். கூடம் முழுக்கத் துள்ளியது, ஒரு சீமாட்டி யேசுவே என்றாள். பால்தசார் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். லாம்ப்ரெக்ட் பிரபுவைப் பார்த்தார். பிரபுவோ, பாருங்கள் இதுதான் ஒருமனப்பட்ட கவனம், என் கணக்கப்பிள்ளைக்கு இதில் கால்வாசி இருந்தால் என் பண்ணை எங்கேயோ போயிருக்கும் என்று நாலு பேரிடம் சொன்னார். லாம்ப்ரெக்ட் தட்டைப் பொறுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவசரப்பட்டுச் சிரித்துவிட்டேன்.

ஜீகு முடிந்ததும் எல்லோரும் வியர்த்து, மூச்சு வாங்கி, கைதட்டினார்கள். அப்போது லாம்ப்ரெக்ட் பிரபுவின் காதில் ஏதோ சொன்னார். பிரபுவின் முகம் மலர்ந்தது. அவருக்கு உயிரான ஒரு மினுவெட் நடன உருப்படி இருக்கிறதாம், அதையும் வாசிக்கட்டும் என்றார். எனக்கு அந்த மினுவெட் தெரியும். எங்கள் தாள்கட்டுக்குள்ளும் இருக்கிறது. வேறு சுருதி. கீழ்த்தந்திகளில் ஐந்தை மாற்ற வேண்டும். ஐந்தைத் தொட்டால் மற்ற பத்தொன்பதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நான் எழுந்து, பக்கத்து அறையில் சேர்த்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"அதெதுக்கும்மா பக்கத்து ரூமு?" என்றார் லாம்ப்ரெக்ட். "வாசிக்கிறவரு இங்கயே சேர்க்கட்டும். ஊர்ல எல்லா வித்வானும் அவங்கவங்க வாத்தியத்த அவங்களேதான சேர்க்கிறாங்க?"

அவருக்குத் தோள் வலி என்றேன். இவ்வளவு நேரம் வலிக்கவில்லையே என்றார். பிரபு எதிரே வந்து நின்று, மினுவெட்டின் பெயரை வாயை அகலத் திறந்து கத்தினார். உதட்டைப் பார்த்தே அது பால்தசாருக்குப் புரிந்தது. என்ன செய்ய வேண்டும் என்றும் புரிந்தது. அவர் என் பக்கம் பார்க்காமல், தந்தியை முறுக்கும் பிருடையில் கை வைத்தார்.

நாற்பது பேர் காலுறையோடு நிற்கிறார்கள், ஓர் அசைவு இல்லை. அவர் ஒரு பிருடையைத் திருகினார். தந்தியைச் சுண்டினார். குனிந்து லூட்டின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுபடி சுண்டினார். அதிர்வு எலும்பு வழியாக ஏறும் என்று நம்பினாரோ என்னவோ. அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. நான் வீட்டில் இல்லாதபோது எத்தனை நாள் இப்படிக் கடித்துப் பார்த்திருப்பார்? விளிம்பில் இருக்கிற பற்தடத்தை நான் எலி என்று நினைத்து, தம்பி வீட்டில் பொறி வைத்தவள்.

சுருதி சேரவில்லை. ஏற்ற வேண்டியதை இன்னும் இறக்கினார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓடிப்போய் லூட்டைப் பிடுங்கினால், மூன்று வருஷமாக நான் பொத்திவைத்ததை நானே நாற்பது பேர் முன்னால் கிழித்துப் போட்டதாகிவிடும். பிடுங்காமல் விட்டால் அவர் இப்படியே வாசிப்பார், முழு மினுவெட்டும், அந்தக் கண்றாவிச் சுருதியில், சந்தோஷமாக.

பால்தசார் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, கூடத்தைக் குறுக்கே கடந்து வந்து, லூட்டை என் கையில் கொடுத்தார்.

"எனக்குக் காது கேக்காது," என்றார் பிரபுவைப் பார்த்து, தேவைக்கு மேல் உரக்க. "மூணு வருஷமாச்சு. சுருதி சேர்க்கிறது இவதான்."

லாம்ப்ரெக்ட்தான் முதலில் வாயைத் திறந்தார். இது மோசடி, கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை, செவிடனை வைத்து லூட் வாசித்தால் ஊர் சிரிக்கும் என்றெல்லாம் சொன்னார். பிரபு அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, பால்தசாரின் முகத்துக்கு நேராக வந்தார்.

"அப்ப இவ்வளவு நேரம் எப்படிய்யா வாசிச்ச?"

"விரலுக்கு எழுத்து இருக்கு. தாளத்துக்கு உங்க காலு இருந்துச்சு."

பிரபு குனிந்து தன் காலைப் பார்த்தார். வலது கட்டைவிரல் காலுறைக்கு வெளியே இருந்தது. அவர் அதை உள்ளே இழுத்துக்கொண்டார். தன் காலைப் பற்றி நல்லதாக ஒருவரும் இதுவரை சொன்னதில்லை போலிருக்கிறது, ஏனென்றால் அவர் காது வரைக்கும் சிவந்துபோனார். பிறகு என்னிடம், உட்கார்ந்து சுருதி சேர்த்துக் குடும்மா, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை என்றார்.

உட்கார்ந்தேன். நாற்பது பேர் முன்னால் நான் எதுவும் செய்ததில்லை. கல்யாணத்தில்கூடப் பதினொரு பேர்தான். பால்தசார் என் எதிரே ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் ஷூவை மாட்டவில்லை. தெக்லா சீமாட்டி தரையிலேயே உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிரபு பேசிக்கொண்டே இருந்தார், அறுவடை, பன்றி, வரி, பக்கத்துப் பண்ணைக்காரனின் மனைவி. எனக்கு அது உதவியாக இருந்தது.

நான் ஒவ்வொரு தந்தியாகத் திருகிச் சுண்டிக்கொண்டு வந்தேன். ஏழாவது ஜோடி வந்தபோது, அது சேர்ந்த அந்த நொடியில், நான் பிருடையிலிருந்து கையை எடுக்கும் முன்பே, "ம், வந்துடுச்சு" என்றார் பால்தசார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அடுத்த தந்திக்குப் போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். ஆமாம், இன்னும் கொஞ்சம்தான். "ம்." அவர் லூட்டைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம், உதடு, எங்கே எதைப் பார்த்தாரோ. எனக்கு அப்போதுதான் சராபாந்து விளங்கியது. அதிர்ஷ்டம் என்று நினைத்தேனே, அது என் மூஞ்சி. மூன்று வருஷமாக ஒவ்வொரு வாசிப்பிலும் எதிரே உட்கார்ந்து, நான் பெரிய திறமைசாலி என்று நினைத்து, எல்லாவற்றையும் அவரிடம் மறைத்துக்கொண்டிருந்தேன். அவர் அத்தனையையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அழுதால் சுருதி பிசகிவிட்டது என்று தப்பாகப் புரிந்துகொள்வாரோ என்று அடக்கிக்கொண்டேன்.

மினுவெட் நன்றாகவே போனது. பிரபு தன் தங்கையோடு ஆடினார், இரண்டு பேரும் இரண்டு தடவை வழுக்கி விழுந்தார்கள். முடிந்ததும் பிரபு மூச்சு வாங்கிக்கொண்டே லாம்ப்ரெக்டிடம், திங்கட்கிழமையிலிருந்து பெயரை எழுது என்றார். லாம்ப்ரெக்ட் ஏதோ சொல்ல வந்தார். பிரபு கேட்கவில்லை. என் புருஷனிடம் நேராகவே பேசினார். நான் ஒரு பேச்சுக்காரன், எனக்கு வாயை மூட வராது, முன்னால் இருந்த வித்வான்கள் எல்லாம் நான் நடுவில் பேசினால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், ஒருத்தன் எழுந்தே போய்விட்டான், நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தால் உமக்குத் தொந்தரவு இருக்காதே என்று கேட்டார். பால்தசார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அது அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"இருக்காதுங்க, பிரபு" என்றேன் நான். பிரபு சிரித்த சிரிப்பில் தந்திகள் அதிர்ந்தன.

எங்களுக்குக் கொடுத்த அறையில் சமையல்காரி மாவு உருண்டையும் பன்றிக்கறியும் மூடி வைத்திருந்தாள். சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. பால்தசார் உட்கார்ந்தார், ஒரு உருண்டையை எடுத்தார், சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்படி இருந்துச்சு?" என்றார்.

காய்ச்சலுக்கு முன்னால் ஒவ்வொரு வாசிப்புக்கும் பிறகு இதைக் கேட்டு என் உயிரை எடுப்பார். அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் காது கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நானாகவும் சொன்னதில்லை. சொன்னால் தெரியும் என்று காட்டிக்கொண்டதாகிவிடும். அப்படி மூன்று வருஷம் அந்த மனுஷன் வாசித்தது எப்படி இருந்தது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

கூராந்தின் இரண்டாம் பாதியில் அவசரப்பட்டீர்கள் என்றேன். தலையசைத்தார். ஜீகில் கட்டைவிரல் கனம் என்றேன். அதற்கும் தலையசைத்தார்.

"மத்தபடி?"

"மத்தபடி ரொம்ப நல்லா இருந்துச்சு."

"இன்னொரு தடவ சொல்லு" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சம் என் வாயில் விழுகிற மாதிரி நின்றுகொண்டு, மறுபடியும் சொன்னேன்.